உறைபனிக் காலத்திலும் மிதிவண்டியா?

கோடை முழுவதும் மிதிவண்டியில் வேலைக்குச் சென்று வருவோர், குளிர்காலம் நெருங்கும்போது அந்தப் பழக்கத்தைத் தொடர்வதா, வசந்தம் வரும் வரை வண்டியை ஓரம் கட்டிவிடுவதா என்று முடிவு செய்ய வேண்டிய நிலை வட ஐரோப்பிய நாடுகளிலும் கனடாவிலும் ஆண்டுதோறும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் எழுகிறது. பெரும்பாலோர் இதைத் துணிச்சலைப் பற்றிய கேள்வியாகவே எடுத்துக்கொள்கின்றனர். குளிரைத் தாங்கும் உடலும் மன உறுதியும் உள்ளவர் ஓட்டுவார், அவை இல்லாதவர் நிறுத்திவிடுவார் என்பது பரவலான எண்ணம். ஆனால் குளிர்கால மிதிவண்டிப் பயணம் நெடுங்காலமாக வேரூன்றியிருக்கும் ஊர்களைக் கவனித்தால், அந்த ஊர்களில் குளிர் குறைவு என்பதோ அங்குள்ள மக்கள் பிறரைவிட உரம் படைத்தவர்கள் என்பதோ காரணமன்று என்பதும், சக்கரம் உருளும் தரை எந்த நிலையில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதே இந்த முடிவைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்பதும் விளங்கும்.

இதைத் தமிழில் விளக்கப் புகும்போது சொற்களை முதலில் பிரித்துக்கொள்வது நல்லது. புல் நுனியில் நிற்கும் நீர்த்துளியையும், விடியற்காலையில் பார்வையை மறைக்கும் மூட்டத்தையும், இமயத்தின் முகடுகளில் உறைந்து கிடப்பதையும் 'பனி' என்ற ஒரே சொல் குறித்துவிடுகிறது. முன்பனி, பின்பனி என்று இலக்கணம் வகுத்த பெரும்பொழுதுகள் இரண்டும் துளிப்பனியின் காலங்களே அன்றி நீர் உறைந்து கல்லாகும் காலங்கள் அல்ல. வடபுலத்துக் குளிர்காலத்தில் மிதிவண்டி ஓட்டுபவருக்கோ ஒவ்வொரு வகைப் பனியும் ஒவ்வொரு விதமான தரை. வானிலிருந்து பஞ்சுபோல் விழுவது இங்கு வெண்பனி என்றும், நீர் இறுகிக் கெட்டியானது பனிக்கட்டி என்றும், தார்ச்சாலையின் கருமை ஊடே தெரியும் அளவுக்கு மெல்லியதாகப் படிந்து கண்ணுக்கு எளிதில் புலப்படாத பனிக்கட்டிப் படலம் கரும்பனி என்றும் குறிக்கப்படும். இவற்றுள் வெண்பனியே பார்ப்பவரை மிகுதியாக மலைக்க வைக்கிறது. ஆனால் மிதிவண்டியைக் கீழே தள்ளுவது பெரும்பாலும் கரும்பனிதான்.

குளிர்கால மிதிவண்டிப் பயணத்தைப் பற்றிப் பேசுவோர் அனைவரும் முதலில் சுட்டும் ஊர் ஃபின்லாந்தின் ஔலு. பாத்னியா வளைகுடாவின் கரையில், வடதுருவ வட்டத்திற்குத் தெற்கே ஏறத்தாழ 170 கி.மீ. தொலைவில் அமைந்துள்ள இந்த நகரில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்கின்றனர். சனவரியின் சராசரி வெப்பநிலை உறைநிலைக்கு ஏறத்தாழ பத்துப் பாகை கீழே நிற்கிறது. டிசம்பர் மாத நடுவில் சூரியன் மூன்றரை மணி நேரமே அடிவானத்துக்கு மேல் இருக்கிறது. அப்படியிருந்தும் இந்நகரில் நிகழும் பயணங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மிதிவண்டியில் நடைபெறுகிறது என்பதும், கடுங்குளிர் மாதங்களிலும் அப்பங்கு பத்தில் ஒன்றுக்குக் கீழே போவதில்லை என்பதும் உலகின் பல வெப்ப நாட்டு நகரங்களே எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தியாகும். குளிர்கால மிதிவண்டிப் பயணத்தை ஆராய்வதற்கென்றே கூட்டப்படும் பன்னாட்டு மாநாடு 2013ஆம் ஆண்டில் முதன்முறையாக இந்நகரில் நடைபெற்றது. பின்னர் அது கனடாவின் வினிபெக், மொன்றியால், நெதர்லாந்தின் லேவார்டன் முதலிய ஊர்களுக்குச் சென்றது.

ஔலுவின் சிறப்பு ஒரே நாளில் உண்டானதன்று. 1970களிலிருந்தே இந்நகரின் போக்குவரத்துத் திட்டமிடலில் மிதிவண்டிக்கும் நடைக்கும் தனி வழிகள் அமைப்பது ஒரு கொள்கையாகக் கடைப்பிடிக்கப்பட்டதால், இன்று 900 கி.மீ.க்கு மேற்பட்ட தனி வழிகள் ஊர் முழுவதும் ஒன்றோடொன்று இணைந்து கிடக்கின்றன. பெருஞ்சாலைகள் குறுக்கிடும் இடங்களில் அவற்றின் அடியில் செல்லும் சுரங்கப் பாதைகள் மட்டும் நூற்றுக்கணக்கில் உள்ளன. இந்தப் பிரிவினையின் முழுப் பயன் பனிக்காலத்தில்தான் தெரிகிறது. கார்கள் ஓடும் சாலையின் ஓரத்தில் கோடு போட்டு ஒதுக்கப்பட்ட பாதையாக இருந்தால், சாலையைத் துப்புரவு செய்யும் பனிவாரி வண்டி வாரிய வெண்பனியை அந்த ஓரத்திலேயே குவித்துச் செல்லும். மிதிவண்டிக்காரர் பனிக்குவியலுக்கும் காருக்கும் இடையில் நெருக்கப்படுவார். தனி வழியில் அந்த நெருக்கடி எழுவதில்லை, தவறி விழுந்தாலும் பின்னால் வரும் பேருந்தின் சக்கரத்துக்கு முன் விழுவதில்லை. குளிர்காலத்தில் ஓட்டலாமா என்று யோசிப்பவர் தம் உடலின் உறுதியை அளந்து பார்ப்பதற்கு முன், தாம் செல்லும் வழி இவ்விரண்டில் எந்த வகையைச் சேர்ந்தது என்பதைப் பார்த்துவிட வேண்டும்.

குளிர் கூடக்கூட ஆபத்தும் கூடும் என்ற எண்ணம் இயற்பியலோடு பொருந்துவதில்லை. பனிக்கட்டி வழுக்குவதற்குக் காரணம் அதன் மேற்பரப்பில் உள்ள மிக மெல்லிய, பாதி நீர்மமான படலமாகும். உறைநிலையை ஒட்டிய வெப்பநிலையில் இப்படலம் தடித்து நீராகவே நிற்பதால் உராய்வு மிகவும் குறைந்துவிடுகிறது, வெப்பநிலை இறங்க இறங்க அது மெலிந்து உராய்வு கூடுகிறது. கழித்தல் இருபது பாகையில் இறுகிய வெண்பனியின் மேல் நடப்பவரின் காலடியில் மணல் நெரிபடுவது போன்ற ஒலி எழுவதும், அந்தத் தரையில் டயர் நன்றாகவே பற்றுவதும் இதனால்தான். மாறாக, பகலில் ஒரு பாகை மேலேறி உருகிய நீர் இரவில் ஒரு பாகை கீழிறங்கி உறையும்போது கரும்பனி பிறக்கிறது. எனவே ஆண்டின் மிகக் கடினமான நாட்கள் நடுக்குளிரில் வருவதில்லை. நவம்பரிலும் மார்ச்சிலும், உறைவதும் உருகுவதும் மாறி மாறி நிகழும் வாரங்களில் வருகின்றன. கழித்தல் பதினைந்தைக் கண்டு அஞ்சி வண்டியை உள்ளே வைத்துவிட்டு, சுழியத்தை ஒட்டிய நாளில் 'இன்று குளிர் குறைவு' என்று எடுத்துச் செல்பவர் வெப்பமானியைத் தவறாகப் படிக்கிறார் என்றே சொல்ல வேண்டும்.

தரையைப் பேணும் முறைகளும் இந்த இயற்பியலையே சார்ந்துள்ளன. ஔலுவில் மிதிவண்டி வழிகளில் உள்ள வெண்பனியைத் தார் தெரியும் வரை சுரண்டி எடுப்பதில்லை. மேல்படிந்த தளர்ந்த பனியை வாரிவிட்டு, அடியில் ஒரு மெல்லிய அடுக்கை இறுக்கி விட்டுவைத்து, வரியுள்ள தகட்டால் அதன் மேற்பரப்பைக் கீறிச் சொரசொரப்பாக்கி, தேவையான இடங்களில் பொடிக்கல் தூவுகின்றனர். வெப்பநிலை பல வாரங்கள் உறைநிலைக்குக் கீழேயே நிற்கும் ஊரில் இந்த வெள்ளைத் தரை ஏறத்தாழச் சாலைக்குரிய உறுதியைப் பெற்றுவிடுகிறது. உப்பு தூவுவது அங்கே பொருந்தாது. சோடியம் குளோரைடு எனப்படும் சாதாரண உப்பு நீரின் உறைநிலையைத் தாழ்த்துவது உண்மையே; எனினும் கழித்தல் பத்துப் பாகையை நெருங்கும்போது அது பனியை உருக்கும் வேகம் மிகவும் குன்றி, நடைமுறைப் பயன் அற்றுப்போகிறது. குளிர்காலம் சுழியத்தைச் சுற்றியே ஊசலாடும் கோபன்ஹேகன் போன்ற நகரங்களுக்கு நிலைமை வேறு. அங்கே இறுகிய பனி நிலைக்காமல் சேறாகிவிடும் என்பதால் வழிகளை முற்றிலும் துடைத்து, உப்பு நீர் தெளித்து, ஈரமான கருந்தரையாகவே வைத்திருக்கின்றனர். கோடையில் ஓட்டுவோரில் நான்கில் மூவர் குளிர்காலத்திலும் தொடர்வதாக அந்நகரின் கணக்குகள் சொல்கின்றன. சுவீடனின் ஸ்டாக்ஹோம் முதலிய நகரங்களில், வண்டியின் முன்புறம் சுழலும் தூரிகையால் பனியைப் பெருக்கிவிட்டுப் பின்புறத்திலிருந்து உப்புக்கரைசலைத் தெளிக்கும் முறை கையாளப்படுகிறது. ஓர் ஊருக்கு உகந்த முறை மற்றோர் ஊருக்குப் பொருந்தாது என்பதை மறந்து ஔலுவை அப்படியே பின்பற்ற முயலும் மிதக்குளிர் நகரம் தன் மக்களைச் சறுக்கு மேடையில்தான் விடும்.

பராமரிப்பின் பயனை எண்களால் அளந்து பார்த்த ஆய்வுகளுள், அன்னா பெரிஸ்ட்ரோம், ரோல்ஃப் மேக்னஸன் ஆகிய சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது. ஔலுவுக்கு எதிர்க்கரையில் ஏறத்தாழ அதே அட்சரேகையில் உள்ள லூலியோ, தெற்கே உள்ள லின்ஷோப்பிங் ஆகிய இரு நகரங்களின் பெரிய நிறுவனங்களில் பணிபுரிவோரிடம் வினவி எழுதப்பட்ட அந்த ஆய்வின்படி, கோடையிலிருந்து குளிர்காலத்துக்கு மாறும்போது வேலைக்குச் செல்லும் மிதிவண்டிப் பயணங்கள் 47 விழுக்காடு குறைந்தன, கார்ப் பயணங்கள் 27 விழுக்காடு கூடின. கோடையில் மட்டும் ஓட்டுவோர் தாம் நிறுத்துவதற்குச் சொன்ன காரணங்களில் வெப்பநிலை, மழை அல்லது பனிப்பொழிவு, சாலையின் நிலை ஆகிய மூன்றும் முன்னின்றன. இவற்றுள் முதல் இரண்டும் எந்த நகராட்சிக்கும் அடங்காதவை, மூன்றாவது முற்றிலும் அதன் கையில் உள்ளது. பராமரிப்பைச் செம்மைப்படுத்தினால் குளிர்கால மிதிவண்டிப் பயணங்கள் அதிகபட்சம் 18 விழுக்காடு வரை உயரக்கூடும் என்றும், அதனால் கார்ப் பயணங்கள் 6 விழுக்காடு குறையக்கூடும் என்றும் ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். நிறுத்திய அனைவரையும் திரும்ப அழைத்துவர இது போதாது என்பது மெய்யே. ஆயினும் புதிய சாலையோ பாலமோ கட்டாமல், பனிவாரி வண்டி புறப்படும் நேரத்தையும் வரிசையையும் மாற்றுவதால் மட்டும் கிடைக்கக்கூடிய பயன் என்று பார்த்தால் இது சிறிதன்று.

வரிசை என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு நீதிக் கேள்வியும் இருக்கிறது. பெரும்பாலான நகரங்களில் பனி விழுந்தவுடன் முதலில் பெருஞ்சாலைகளும், பின்னர் கிளைச் சாலைகளும், கடைசியாக நடைபாதைகளும் மிதிவண்டி வழிகளும் துப்புரவு செய்யப்படுவது வழக்கம். சுவீடனின் கார்ல்ஸ்கூகா என்னும் சிறு நகரம் இந்த வழக்கத்தை ஆராய்ந்து பார்த்தபோது, காரில் மிகுதியாகச் செல்வோர் ஆண்கள் என்பதும், நடந்தும் மிதிவண்டியிலும் பேருந்திலும் குழந்தையைக் காப்பகத்தில் விட்டு வேலைக்குச் செல்வோரில் பெண்களே மிகுதி என்பதும் கருத்தில் கொள்ளப்பட்டன. சில அங்குல வெண்பனியின் மேல் காரை ஓட்டிச் செல்வது, அதே பனியில் குழந்தை வண்டியைத் தள்ளிச் செல்வதைவிட எளிது என்ற சாதாரண உண்மையை ஏற்று, அந்நகரம் காப்பகங்களைச் சுற்றியுள்ள பாதைகளையும் நடை, மிதிவண்டி வழிகளையும் முதலில் துப்புரவு செய்யும்படி வரிசையைத் திருப்பிப் போட்டது. காலை ஏழு மணிக்கு ஒரு பெண் மிதிவண்டியை எடுப்பாரா மாட்டாரா என்பது, அதிகாலை நான்கு மணிக்கு வண்டிக் கொட்டிலில் பணியாட்களுக்குக் கொடுக்கப்படும் ஒரு தாளில் முடிவாகிவிடுகிறது என்பதை இந்த மாற்றம் போல வேறெதுவும் தெளிவாகக் காட்டவில்லை.

தரை சரியாக இருந்தால் உடல் குறித்த கவலை பலர் நினைப்பதைவிடச் சிறியது. தசைகள் தாம் செலவிடும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கையோ அதற்குக் குறைவாகவோதான் இயக்கமாக மாற்றுகின்றன, எஞ்சியது வெப்பமாகிறது. பெடலில் நூறு வாட் ஆற்றலைச் செலுத்துபவர் உடலுக்குள் முந்நூறு வாட்டுக்கு மேற்பட்ட ஒரு கணப்பையும் சுமந்து செல்கிறார். அதனால் குளிர்காலத்தில் புதிதாக ஓட்டுவோர் செய்யும் வழக்கமான பிழை குறைவாக உடுத்துவதன்று, கூடுதலாக உடுத்துவதுதான். வியர்த்து நனைந்த பருத்தி உள்ளாடை நின்றவுடன் உடலின் வெப்பத்தை உறிஞ்சிவிடுவதால், தோலை ஒட்டிக் கம்பளி அல்லது வியர்வையை வெளியே கடத்தும் செயற்கை இழை உடையும், மேலே காற்றைத் தடுக்கும் மெல்லிய அங்கியும் அணிந்து, முதல் சில நிமிடங்கள் சற்றே குளிரும் நிலையில் புறப்படுவதே சரியான அளவு.

விரல்கள், காதுகள், மூக்கு நுனி ஆகியவை இந்தக் கணப்பின் பயனைப் பெறுவதில்லை. குளிரில் உடல் தன் நடுப்பகுதியைக் காக்க ஓரங்களுக்குச் செல்லும் இரத்த நாளங்களைச் சுருக்கிக்கொள்கிறது. போதாக்குறைக்கு வண்டியின் வேகமே ஒரு வாடைக் காற்றை உண்டாக்குகிறது. காற்று வீசும்போது வெறுந்தோல் எவ்வளவு விரைவாகக் குளிர்கிறது என்பதைக் காற்றற்ற நிலையின் வெப்பநிலையாக மாற்றிச் சொல்லும் அளவைக்குக் காற்றுக்குளிர்க் குறியீடு என்று பெயர். அண்டார்க்டிக்காவில் நீர் உறையும் நேரத்தை அளந்து பால் சைப்பிள், சார்லஸ் பாஸல் இருவரும் 1945இல் வெளியிட்ட ஆய்விலிருந்து பிறந்த இந்தக் குறியீடு, கனடாவிலும் அமெரிக்காவிலும் 2001இல் திருத்தி அமைக்கப்பட்டது. அதன்படி, காற்றே அசையாத கழித்தல் பத்துப் பாகை நாளில் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் செல்பவரின் முகம் ஏறத்தாழ கழித்தல் பதினெட்டுப் பாகைக் குளிரை உணர்கிறது. இக்குறியீடு கழித்தல் இருபத்தெட்டைத் தாண்டும்போது மூடாத தோல் பத்து முதல் முப்பது நிமிடங்களில் உறையக்கூடும் என்பதால், முகத்தை மூடுவதும், விரல்கள் தனித்தனியே பிரியாமல் ஒன்றையொன்று சூடாக்கும் பை வடிவக் கையுறை அணிவதும் அந்நிலையில் கட்டாயமாகின்றன. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு வறண்ட குளிர்காற்றை வேகமாக உள்ளிழுப்பது மூச்சுக்குழலைச் சுருக்கும். இதயநோய் உள்ளவர்களுக்குக் குளிரில் உயரும் இரத்த அழுத்தம் கூடுதல் சுமை. இவர்கள் மருத்துவரின் சொல்லைக் கேட்டே முடிவெடுக்க வேண்டும்.

வண்டியில் செய்ய வேண்டிய மாற்றங்களுள் முதன்மையானது டயர். பிற்காலத்தில் நோக்கியா குழுமத்தில் இணைந்த ஃபின்லாந்தின் ரப்பர் ஆலை 1934இல் சரக்கு வண்டிகளுக்காக உலகின் முதல் குளிர்கால டயரை உருவாக்கியது. கைப்பேசியால் தமிழ்நாட்டில் அறிமுகமான அந்தப் பெயருக்குப் பின்னால் இப்படி ஒரு பனிக்கால வரலாறும் உண்டு. மிதிவண்டிக்கான ஆணி டயரில் டங்ஸ்டன் கார்பைடு என்னும் மிகக் கடினமான பொருளால் ஆன சிறு ஆணிகள் நூற்றுக்கு மேல் பதிக்கப்பட்டிருக்கும். அவை பனிக்கட்டியைக் குத்திப் பிடிக்கின்றன, வெறுந்தாரில் சலசலவென்று ஒலித்து வேகத்தையும் சற்றுக் குறைக்கின்றன. இரண்டு வாங்க இயலாதவர் ஒன்றையாவது முன்சக்கரத்தில் மாட்ட வேண்டும், ஏனெனில் பின்சக்கரம் சறுக்கினால் வண்டியை நிமிர்த்திக்கொள்ளச் சிறிது அவகாசம் கிடைக்கிறது, முன்சக்கரம் சறுக்கினாலோ நினைப்பதற்குள் விழுந்தாகிவிடும். வெப்பநிலை இருபதிலிருந்து கழித்தல் இருபதுக்கு இறங்கும்போது டயருக்குள் உள்ள காற்றின் மொத்த அழுத்தம் ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடும் என்பதால், அழுத்தத்தைக் குளிரில் வைத்தே பார்க்க வேண்டும். ரிம்மைக் கவ்வும் பிரேக்குகள் பனி ஒட்டினால் பிடிமானம் இழக்கின்றன. ஃபின்லாந்தில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால் ஹப்புக்குள் இயங்கும் பழைய வகை பிரேக் இன்றும் விரும்பப்படுவதற்கு, ஈரமும் உப்பும் அதைத் தொடுவதில்லை என்பது ஒரு காரணம். மின் மிதிவண்டியின் லித்தியம் பேட்டரி குளிரில் குறைந்த தொலைவே ஓடும் என்பதோடு, உறைநிலைக்குக் கீழே அதை மின்னேற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து நிலையான கேடு விளைவிக்கும் என்பதால், அதைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து அறை வெப்பத்துக்கு வந்தபின் மின்னேற்றுவதே முறை. காலையிலும் மாலையிலும் இருளிலேயே பயணம் செய்ய நேர்வதால் முன்விளக்கும் பின்விளக்கும் எப்போதும் எரிய வேண்டும் என்பதைச் சொல்லாமலே புரிந்துகொள்ளலாம்.

ஆகவே 'குளிர்காலம் முழுவதும் ஓட்டுவதா, முழுவதும் நிறுத்துவதா' என்று கேள்வியை அமைப்பதே பிழையானது. ஆறு மாத காலத்தை ஒற்றைத் தீர்மானத்துக்குள் அடைக்கத் தேவையில்லை. உறைமழை பெய்யும் நாளிலும், பனிவாரி வண்டி இன்னும் வராத காலையிலும் பேருந்தில் செல்வதும், மற்ற நாட்களில் ஓட்டுவதும் எவ்வகையிலும் தோல்வியன்று. எந்தெந்த நாட்களில் ஓட்டுவதில்லை என்பதை முந்திய மாலையே வானிலை அறிக்கையைப் பார்த்து முடிவு செய்பவர், வாசலில் நின்று தயங்குபவரைவிடப் பாதுகாப்பாகவும் கூடுதல் நாட்களும் ஓட்டுகிறார். இந்தக் கலப்புப் பயணத்துக்கு நகரங்களும் இடம் கொடுக்கத் தொடங்கியுள்ளன: ஆண்டுக்கு இரண்டு மீட்டருக்கு மேல் வெண்பனி பொழியும் மொன்றியாலில், முன்பெல்லாம் நவம்பரில் அகற்றப்பட்டு வசந்தத்தில் திரும்ப வைக்கப்பட்ட பிக்ஸி என்னும் பொது மிதிவண்டிச் சேவை, 2023ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து குளிர்காலத்திலும் நடத்தப்படுகிறது. சொந்த வண்டியை உப்பில் துருப்பிடிக்க விட விரும்பாதவரும், காலையில் ஓட்டிச் சென்று மாலையில் பனி பெய்தால் மெட்ரோவில் திரும்ப நினைப்பவரும் இதனால் தடையின்றிப் பயணம் செய்யலாம்.

தொடர்ந்து ஓட்டியவர்களுக்கு இறுதிச் சோதனை பனி உருகிய பின் வருகிறது. குளிர்காலம் முழுவதும் வழிகளில் தூவப்பட்ட பொடிக்கல், வெண்பனி கரைந்ததும் காய்ந்த தாரின் மேல் தளர்ந்து கிடக்கும். வளைவுகளில் அது உருண்டு சக்கரத்தைச் சறுக்கச் செய்வதும், அதன் கூர்முனைகள் ட்யூபைக் குத்துவதும், அதிலிருந்து கிளம்பும் தூசி மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஃபின்லாந்து நகரங்களின் காற்றைக் கெடுப்பதும் ஆண்டுதோறும் நிகழ்பவை. கல்லை வாரிப் பெருக்கும் வண்டிகள் எந்தத் தெருவுக்கு எப்போது வரும் என்பதே அப்போதைய கேள்வியாகிறது. பகல் வெயிலில் கையுறை தேவையற்றுப் போனாலும், ஔலுவில் ஏப்ரல் மாத இரவுகள் இன்னும் உறைநிலைக்குக் கீழே இறங்குவதால், சுரங்கப் பாதைகளின் நிழலில் முந்திய நாள் தேங்கிய நீர் காலையில் கரும்பனியாக நிற்கும். அனுபவம் உள்ளவர்கள் அந்த நிழல்கள் காயும் வரை ஆணி டயரைக் கழற்றுவதில்லை.